செடி பிழைத்துவிட்டது, இலையை விற்கலாமா?

விளாத்திகுளம் வட்டாரத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகர், தம் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய நீண்ட கடிதத்தின் சாரம் இது. சுமார் நான்கு ஏக்கர் கரிசல் நிலம். இரண்டரை ஏக்கரில் விதைக்காகக் கொத்தமல்லி, கிணற்றடியில் 60 சென்டில் சந்தைக்குப் போகும் இலை மல்லி, ஒரு ஏக்கரில் சென்னா என்று வியாபாரிகள் அழைக்கும் நிலவாகை. ஐப்பசி முதல் வாரம் விதைத்த மல்லியில் சாரணையும் கோரையும் மண்டிவிட்டன. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் சொன்னபடி, உளுந்துக்கு அடிக்கும் இமாசெதாபைர், குயிசலோஃபாப் என்ற இரண்டு களைக்கொல்லிகளையும் ஒன்றாகக் கலந்து, விதைத்த 22ஆம் நாள் விதை மல்லியில் ஒரு ஏக்கருக்கும் இலை மல்லியில் நான்கு பாத்திகளுக்கும் அடித்திருக்கிறார். செடிகள் சாகவில்லை. ஆனால் குருத்து மஞ்சளித்து, வளர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. இதற்கிடையில், மருந்தே படாத கிழக்குத் துண்டிலும் இலைகள் ஓரத்திலிருந்து கருகுகின்றன.

அவர் கேட்டிருப்பவை: மல்லி தேறுமா? மல்லி தாங்கும் மருந்து எது? இலைப் பாத்திகளை அறுத்து விற்கலாமா? நிலவாகையும் உளுந்தைப் போல அவரைக் குடும்பம்தானே, அதற்கு இதே மருந்தை அடிக்கலாமா? களைக்கொல்லியைத் தாங்கும் புது மல்லி விதை அடுத்த ஆண்டு வருகிறது என்று கடைக்காரர் சொல்வது உண்மையா? அல்லது இப்போது பிழைத்த செடிகளிலிருந்தே விதை எடுத்து வைத்தால் அது மருந்துக்குப் பழகிய விதையாக இருக்குமா? நட்டத்துக்குக் கடைக்காரரைக் கேட்க முடியுமா? கடைசியாக ஒரு வரி: "டப்பாவில் பச்சை முத்திரைதான் இருந்தது, அதனால் பயிருக்கு ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். அப்பா, கைக்களை தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிறார்."

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய புகைப்படங்கள் தெளிவாக இருந்ததால் உறுதியாகச் சில விஷயங்களைச் சொல்ல முடிகிறது. பச்சை முத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களைப் போலவே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். டப்பாவில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறங்கள் அந்த மருந்து உடலுக்குள் போனால் மனிதருக்கு எவ்வளவு நஞ்சு என்பதைக் காட்டுகின்றன. பயிருக்கு அது என்ன செய்யும் என்பதைப் பற்றி அந்த நிறம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. மல்லியை ஒரே வாரத்தில் முடமாக்கும் களைக்கொல்லிக்கும் பச்சை முத்திரை இருக்கலாம். பயிருக்குப் பாதுகாப்பா என்பதை அறிய, டப்பாவுடன் தரப்படும் துண்டுத்தாளில் எந்தெந்தப் பயிருக்கு அந்த மருந்து பதிவாகியிருக்கிறது என்ற பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

வயலில் நடந்திருப்பது ஒன்றல்ல, இரண்டு

மருந்து அடித்த ஏக்கரில் எடுத்த படங்களில் கீழ் இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. நடுக்குருத்தும் அதிலிருந்து பிரியும் இளம் இலைகளும் மட்டும் வெளிறி, சுருங்கி நிற்கின்றன. இது இமாசெதாபைரின் கைவரிசை. செடி தன் புரதத்தைக் கட்டத் தேவையான வாலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உண்டாக்கும் நொதியை அது முடக்குகிறது. புதிதாக வளரும் இடத்துக்குத்தான் புரதம் அதிகம் தேவை என்பதால் குருத்து முதலில் பட்டினி கிடக்கிறது. வளர்ந்து முடிந்த இலை வழக்கம்போல் பச்சையாக இருக்கிறது. கலவையில் இருந்த குயிசலோஃபாப்பை இதில் குற்றம் சொல்ல முடியாது. அது புல் இனங்களை மட்டும் கொல்லும் மருந்து, மல்லி அதைத் தாங்கும். ஏன் தாங்குகிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கிழக்குத் துண்டின் கதை வேறு. அங்கே குருத்து பச்சையாக இருக்கிறது, அடி இலைகள்தான் ஓரத்தில் மஞ்சளித்து, பிறகு பழுப்பாகி உள்நோக்கிக் கருகுகின்றன. வைகாசியில் கிணற்றுத் தண்ணீரில் அந்தத் துண்டில் மக்காச்சோளம் போட்டு அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடித்ததாகக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் எனக்கு விடை. அட்ரசினை வேர் உறிஞ்சி, தண்ணீரோடு சேர்த்து மேலே அனுப்புகிறது. தண்ணீர் ஆவியாகி வெளியேறும் முதிர்ந்த இலைகளின் ஓரத்தில் அது சேர்ந்து ஒளிச்சேர்க்கையை நிறுத்துகிறது. மக்காச்சோளம் அட்ரசினைக் குளுட்டாதயோன் என்ற பொருளுடன் பிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடும் ஆற்றல் உடையது. மல்லிக்கு அந்த அளவு ஆற்றல் இல்லை. அமிலத்தன்மை உள்ள மண்ணில் அட்ரசின் சீக்கிரம் சிதையும். உங்களுடையதைப் போன்ற காரத்தன்மை கூடிய கரிசலில், அதுவும் ஆடி, ஆவணியில் மண் காய்ந்து கிடந்தால், வெகுநாள் தங்கிவிடும். கருகல் அதிகமாகத் தெரியும் இடங்கள் மருந்து தெளித்தவர் திரும்பிய வரப்போரமாக இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். திரும்பும் இடத்தில் மருந்து இரட்டிப்பாக விழுந்திருக்கும்.

இனி, தேறுமா என்ற கேள்வி. மருந்து அடித்த ஏக்கரில் பத்து இடங்களில் செடியைப் பிடுங்கி, நடுக்குருத்தை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிர்பச்சையாக, நீர்ப்பசையுடன் இருந்தால் அந்தச் செடி பக்கக் கிளை விட்டு மீளும். பழுப்பாகி நசநசவென்று இருந்தால் மீளாது. மீளும் செடியும் பின்தங்கித்தான் பூக்கும். மானாவாரி மல்லிக்கு மார்கழிப் பனியும் மண்ணில் மிஞ்சிய ஈரமும்தான் காய் பிடிக்கத் துணை என்பதால், பூப்பது தள்ளிப்போனால் விளைச்சல் குறையும். அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குத் துண்டில் ஒரு மழை நன்றாகப் பெய்து, புது இலைகள் சுத்தமாக வந்தால் பயம் வேண்டாம். கடையில் இந்நேரம் 'டானிக்' என்று ஏதாவது கையில் கொடுக்கப் பார்ப்பார்கள். முடங்கிய நொதியை எந்த டானிக்கும் எழுப்பாது, பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பயிருக்குத் தாங்குதிறன் எங்கிருந்து வருகிறது

"மல்லி தாங்கும் மருந்து எது?" என்று கேட்கிறீர்கள். கேள்வியைச் சற்றுத் திருத்திக் கேட்டால் விடை எளிதாகும்: எந்த மருந்தை, எந்த அளவில், எந்த வயதில், எந்த மண்ணில் மல்லி தாங்கும்? தாங்குதிறன் என்பது செடியிடம் மட்டும் இருக்கும் குணமன்று. அது பல வழிகளில் அமைகிறது, ஒவ்வொரு வழிக்கும் ஓர் எல்லை உண்டு.

சில மருந்துகளில் செடியின் உள்ளமைப்பே காப்பு. குயிசலோஃபாப் தாக்கும் நொதி, புல் இனங்களின் பசுங்கணிகத்தில் ஒரு வடிவிலும், மல்லி போன்ற இருவித்திலைச் செடிகளில் வேறு வடிவிலும் இருக்கிறது. மருந்து முதல் வடிவத்தை மட்டுமே பற்றிக்கொள்ளும். இதனால்தான் மல்லி, துளசி, புதினா போன்றவை இவ்வகை மருந்தில் பெரும்பாலும் பிழைக்கின்றன. ஆனால் உங்கள் பகுதியில் வாசனைத் தைலத்துக்காக எலுமிச்சைப் புல்லோ வெட்டிவேரோ பயிரிடுபவர் யாராவது "மூலிகைக்கு இது பாதுகாப்பு" என்று கேள்விப்பட்டு அடித்தால், தோட்டமே போய்விடும், ஏனெனில் அவை இரண்டும் புல் இனங்கள். மூலிகை என்பது சந்தை வைத்த பெயர். களைக்கொல்லிக்குத் தாவரக் குடும்பம்தான் தெரியும்.

சில மருந்துகளில் இடம்தான் காப்பு. பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி மண்ணின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் அதிகம் கரையாமல், மெல்லிய போர்வைபோல் நிற்கும். மேலே கிடக்கும் சிறு களைவிதைகள் அந்தப் போர்வைக்குள் முளைத்து வேர்விட முடியாமல் சாகின்றன. இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே விழுந்த மல்லி விதை அதற்குக் கீழே வேரை இறக்கிவிடுகிறது. விதையைத் தூவி, மேலோட்டமாக ஒரு கீறல் கீறிவிட்டு இதே மருந்தை அடித்தால் மேலே கிடக்கும் மல்லிக்கும் களைக்குக் கிடைக்கும் மரியாதைதான் கிடைக்கும்.

இன்னும் சில மருந்துகளைச் செடி உள்ளே வாங்கி, சிதைத்துச் செரித்துவிடுகிறது. காரட், மல்லி, சதகுப்பை, பார்ஸ்லி ஆகிய ஒரே குடும்பத்துப் பயிர்கள் லினுரான் என்ற மருந்தை இப்படிப் பெருமளவு சமாளிப்பதால், மேலை நாடுகளில் பல ஆண்டுகள் அது இவற்றின் முதன்மைக் களைக்கொல்லியாக இருந்தது. செடி அன்றும் தாங்கியது, இன்றும் தாங்கும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் உடல்நலக் காரணங்களால் 2017இல் லினுரானுக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. அதற்கும் முன்பு, 1940களில், அமெரிக்கக் காரட் வயல்களில் ஸ்டோடார்டு கரைப்பான் என்ற பெட்ரோலிய எண்ணெயைச் செடியின் மேலேயே தெளித்தார்கள். களைகள் கருகின, காரட் குடும்பம் அசையவில்லை. ஆனால் கிழங்கு பருக்கத் தொடங்கிய பிறகு தெளித்தவர்களின் காரட்டில் எண்ணெய் வாடை அடித்தது, வாங்குபவர் திருப்பி அனுப்பினார். உங்கள் இலை மல்லிக்கு நான் சொல்லப்போவதன் சாரமும் இதுதான்: செடி பிழைப்பது வேறு, சரக்கு விலை போவது வேறு.

அந்த நான்கு பாத்திகள்

அவற்றை அறுத்து விற்க வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. நெல்லிலோ மக்காச்சோளத்திலோ 30ஆம் நாள் விழுந்த மருந்துக்கும் வாய்க்குப் போகும் மணிக்கும் இடையில் இரண்டு மாதமும் உமியும் இருக்கின்றன. இலை மல்லியில் மருந்து விழுந்த அதே இலையைத்தான் இரண்டு மூன்று வாரத்தில் கட்டுக் கட்டாகக் கட்டுகிறோம். பலர் அதைச் சமைக்காமல், சட்னியாகவும் மேலே தூவியும் உண்கிறார்கள். நீங்கள் அடித்த கலவை மல்லி இலைக்கென்று பதிவானதன்று. ஆகவே, எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று துண்டுத்தாளில் உளுந்துக்குக் கொடுத்திருக்கும் காத்திருப்புக் காலத்தை இங்கே பொருத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

காயவைத்த இலையை ஒரு ஏற்றுமதி நிறுவனம் கேட்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பச்சை இலையில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டத் தண்ணீர். காயவைக்கும்போது தண்ணீர் போகிறது, மருந்தின் எச்சம் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. பத்து கிலோ இலையில் பரவியிருந்தது ஒன்றிரண்டு கிலோவில் ஒடுங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மருந்துக்கு ஒரு பயிரில் தனி வரம்பு இல்லையென்றால் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. ஆயிரம் டன் சரக்கில் பத்து கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்த்தியதால் ஏறிய அளவுக்குக் கணக்கில் இடம் கொடுப்பார்கள் என்றாலும், அவ்வளவு சிறிய எண்ணில் அது பெரிதாகக் கைகொடுக்காது. நான்கு பாத்தி இலையை நல்ல சரக்கோடு கலந்தால் முழுச் சரக்கும் திரும்பி வரும், அடுத்த ஆண்டு உங்களிடம் வாங்கவும் மாட்டார்கள். அந்தப் பாத்திகளை மடக்கி உழுதுவிடுங்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். அதே இடத்தில் உடனே கீரை விதைக்கவும் வேண்டாம். இமாசெதாபைர் மண்ணிலும் தங்கி அடுத்த பயிரைத் தாக்கும் குணமுடையது.

இங்கே உங்கள் அப்பாவின் பக்கமும் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. மருந்தே அடிக்காத இலை தானாகவே சுத்தமான இலை ஆகிவிடாது. நீங்கள் அனுப்பிய ஐந்தாவது படத்தில், மல்லிக்கு நடுவே, தேளின் வாலைப் போல வளைந்த பூங்கொத்துடன் ஒரு செடி நிற்கிறது. அது தேள்கொடுக்கு. அதில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் இருக்கின்றன. அரிவாளால் கொத்தாக அறுக்கும் பயிரில், ஒரு பிடி களை ஒரு மூட்டைக்குள் சத்தமில்லாமல் போய்விடும். உலர்ந்த மூலிகைகளிலும் சீரகத்திலும் இந்த அல்கலாய்டுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் வரம்பு விதித்து, 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்துகிறது. உலர் மூலிகைகளில் பெரும்பாலானவற்றுக்கும் சீரகத்துக்கும் அது கிலோவுக்கு 400 மைக்ரோகிராம். ஊமத்தையும் இதே வகைத் தொல்லை, அதன் நஞ்சு வேறு. ஆகவே இலைப் பயிரில் களையெடுப்பு விளைச்சலுக்காக மட்டும் செய்யும் வேலையன்று. அறுப்புக்கு முதல் நாள் காலையில் பாத்தி பாத்தியாக நடந்து இந்த இரண்டையும் வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய்ப் போடுவது, எந்தக் களைக்கொல்லியும் உங்களுக்காகச் செய்து தராத வேலை.

நிலவாகையும் உளுந்தும்

இரண்டும் அவரைக் குடும்பம் என்பது சரி. ஆனால் உளுந்து இமாசெதாபைரைத் தாங்குவது அது அவரைக் குடும்பம் என்பதால் அன்று. அந்த மருந்தை வேகமாகச் சிதைக்கும் திறன் அதற்கு இருப்பதால். அந்தத் திறன் குடும்பச் சொத்துபோல எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக வருவதில்லை. நிலவாகை, உளுந்திலிருந்து வெகுதூரம் விலகிய கிளை. செடி தாங்கினாலும்கூட, திருநெல்வேலி சென்னா என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற இந்தச் சரக்கின் இலையும் காயும் நேராக மனிதர் உட்கொள்ளும் மருந்தாகின்றன. வாங்குபவர் முதலில் கேட்பது எச்ச அறிக்கையை. அங்கே களைக்கொல்லியைத் தொடாதீர்கள். நிலவாகை வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி இடைவெளியில் வளரும் பயிர். சைக்கிள் களைவெட்டி தாராளமாக உள்ளே போகும். விதைத்த மூன்றாவது வாரம் ஒரு முறை, ஆறாவது வாரம் ஒரு முறை ஓட்டிவிட்டால் அதன் நிழலே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

"தாங்கும் விதை"யும் "பழகிய விதை"யும்

மரபணு மாற்றத்தால் களைக்கொல்லியைத் தாங்கும் மல்லிக்கோ வேறு எந்த மூலிகைப் பயிருக்கோ இந்தியாவில் சாகுபடி அனுமதி இல்லை. அனுமதியில்லாத மரபணு மாற்று விதையை விற்பது 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரபணு மாற்றாமலும் இத்தகைய ரகம் உருவாக முடியும் என்பது உண்மைதான். இமாசெதாபைரைத் தாங்கும் பூசா பாஸ்மதி 1979, 1985 என்ற நெல் ரகங்கள் அப்படித்தான் 2021இல் வந்தன. நாகினா 22 என்ற பழைய நெல்லின் விதைகளை ரசாயனத்தில் ஊறவைத்து, அதில் தற்செயலாக நொதி மாறிய செடியைத் தேடிப் பிடித்து, பல தலைமுறை பாஸ்மதியுடன் கலந்து எடுத்தார்கள். ஆராய்ச்சி நிலையங்கள் அவ்வளவு பாடுபட்ட பிறகு வரும் ரகம், பெயரில்லாத பாக்கெட்டில் உங்கள் ஊர்க் கடைக்கு முதலில் வராது. விதைப் பாக்கெட்டில் ரகத்தின் பெயர், முளைப்புத்திறன், சோதித்த தேதி, உற்பத்தியாளர் முகவரி இவை இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

பிழைத்த செடியில் விதை எடுப்பதைப் பற்றி: செடி மருந்துக்குப் பழகுவதில்லை. உங்கள் வயலில் பிழைத்தவை பெரும்பாலும் மருந்து குறைவாகப் பட்டவை, அல்லது தெளித்த பிறகு முளைத்தவை. அவற்றின் பிள்ளைகள் அடுத்த ஆண்டு இதே மருந்தில் இதே மாதிரி மஞ்சளிக்கும். பழகுவதுபோல் தோன்றும் மாற்றம் களைகளிடம்தான் நடக்கிறது, அதுவும் பழக்கத்தால் அன்று, தேர்வால். ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் ஆண்டுதோறும் ஐசோப்ரோட்டுரான் என்ற களைக்கொல்லி ஒன்றையே அடித்ததால், 1990களின் தொடக்கத்தில் குல்லி டண்டா என்ற புல் அதற்கு மசியாமல் போனது; சில விவசாயிகள் கோதுமையையே மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் உங்கள் சாரணையும் அந்த வழியில் போகலாம்.

கடைக்காரரிடம் கேட்கக்கூடியது

நான் வேளாண்மைக்காரன், வழக்கறிஞன் அல்லன்; ஆனால் இவ்வளவு சொல்லலாம். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தில் களைக்கொல்லிகளும் அடங்கும். எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்பதைப் பதிவுக் குழு ஏற்றபடி துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுத்தாக வேண்டும். உங்களுக்குப் பாதகமான உண்மையையும் மறைக்கக் கூடாது: அந்தத் துண்டுத்தாள் உங்கள் கைக்கு வந்திருக்கிறது, அதில் மல்லி என்ற பெயர் இல்லை. மருந்து போலி என்றோ கெட்டுப்போனது என்றோ இருந்தால் உங்கள் பக்கம் வலுவாகும். நல்ல மருந்தைத் தவறான பயிருக்குச் சொன்னார் என்றால், அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று வேண்டும். ரசீதின் பின்புறம் அவர் கைப்பட "மல்லிக்கு, டேங்குக்கு இரண்டு மூடி" என்று எழுதிக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். காலி டப்பாவின் தொகுதி எண் தெரியும்படி படமெடுத்து, வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, வயலைப் பார்வையிட்டு அறிக்கை தரும்படி கேளுங்கள். செடி மீண்டு எழுந்த பிறகு வருபவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது, ஆகவே இந்த வாரமே செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் ஒரு விதை வழக்கில் சொல்லியிருக்கிறது. முழு ஈடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போகாதீர்கள். நிதானமாகப் பேசினால் கடைக்காரரே மருந்து விலையையாவது திருப்பித் தரும் வாய்ப்பும் இருக்கிறது, அதையும் தள்ளிவிட வேண்டாம்.

"டேங்குக்கு இரண்டு மூடி" என்ற அளவைப் பற்றியும் ஒரு சொல். மருந்தின் அளவு ஏக்கருக்குத்தான், டேங்குக்கு அன்று. மெதுவாக நடப்பவர் ஏக்கருக்குப் பதினைந்து டேங்க் அடிப்பார், வேகமாக நடப்பவர் எட்டோடு முடிப்பார். வெறும் தண்ணீரை நிரப்பி, அளந்த ஐந்து சென்டில் வழக்கமான நடையில் தெளித்து, எவ்வளவு தண்ணீர் செலவானது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். பூச்சி மருந்துக்கு மாட்டும் கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு, விசிறி நாசிலை மாட்டுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு

நீங்களும் உங்கள் அப்பாவும் முழு நிலத்துக்கும் ஒரே விடை தேடுகிறீர்கள். மூன்று சரக்குக்கும் மூன்று வழி என்று பிரித்துக்கொண்டால் சண்டைக்கே இடமிருக்காது.

இலை மல்லியும் நிலவாகையும் அப்பா சொல்லும் வழியில் போகட்டும். 60 சென்ட் என்பது வீட்டாரும் இரண்டு ஆட்களும் சமாளிக்கும் பரப்பு. அங்கே விதைப்பதற்கு முன்பே பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சி, களை முளைக்க விட்டு, பத்துப் பன்னிரண்டு நாளில் மேல்மண்ணை மட்டும் மெல்லக் கொத்தி அழித்து, பிறகு விதையுங்கள். ஆழக் கொத்தினால் கீழே உறங்கும் களைவிதைகள் மேலே வந்து வேலை வீணாகும். இந்த முறை சாரணைக்கு நன்றாக வேலை செய்யும். கோரைக்குச் செய்யாது, அதன் கிழங்கைக் கோடையில் உழவு போட்டு வெயிலில் காயவிடுவதுதான் வழி.

விதை மல்லிக்கு உங்கள் வழியில் ஓர் இடம் உண்டு. ஆய்வு நிலையங்களின் சோதனைகளில் மல்லி நன்றாகத் தாங்கியிருப்பது பெண்டிமெத்தலினைத்தான். 30 சத மருந்தாக இருந்தால் ஏக்கருக்கு சுமார் 1.3 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில், விதைத்த மூன்று நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது தெளிக்க வேண்டும். மல்லி முளைக்க எட்டு முதல் பதினைந்து நாள் ஆகும் என்பதால் இந்த இடைவெளி கிடைக்கிறது. முளைத்துவிட்ட களையை அது ஒன்றும் செய்யாது, ஆகவே தாமதித்து அடிப்பது வீண். அறுவடைக்கு மூன்று மாதம் இருப்பதாலும், விற்பது இலை அன்று என்பதாலும் எச்சத்தின் அபாயம் இங்கே மிகக் குறைவு. ஆனால் சோதனையில் தாங்கியது என்பது ஒன்று, நீங்கள் வாங்கும் டப்பாவின் துண்டுத்தாளில் மல்லி இருப்பது வேறொன்று. அதைப் படித்து, உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டி எழுத்தில் பரிந்துரை பெற்றுக்கொண்டு அடியுங்கள். பழைய சாகுபடிக் கையேடுகளில் ஃப்ளூக்ளோரலின் என்ற களைக்கொல்லியின் பெயரைப் பார்த்தால் அதைத் தேடி அலைய வேண்டாம். மழையை நம்பி விதைக்கும் இடத்தில் முளைக்கவிட்டு அழிக்கும் முறையை முழு நிலத்திலும் செய்யாதீர்கள். முதல் மழையைக் களைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த மழை வராமல் போனால் விதைப்பே தள்ளிப்போகும். அரை ஏக்கரில் செய்து பாருங்கள். தூவி விதைப்பதை விட்டு வரிசையில் விதைத்தால், 25ஆம் நாள் வாக்கில் வரிசைக்கு நடுவே களைவெட்டி ஓட்டலாம். கையால் எடுக்க வேண்டியது வரிசைக்குள் உள்ளது மட்டும்தான். மல்லி முதல் ஆறு வாரம் மந்தமாக வளரும் பயிர். அந்த ஆறு வாரத்தைக் கடத்திவிட்டால் பிறகு முளைக்கும் களை விளைச்சலைப் பெரிதாகக் குறைக்காது.

புல் மட்டும் கொல்லும் மருந்தைத் தனியாக அடிக்கலாமா என்று கேட்பீர்கள். உங்கள் படங்களில் சாரணை, கோரை, தொய்யக்கீரை, தேள்கொடுக்கு இவைதான் தெரிகின்றன, புல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. கோரை பார்வைக்குப் புல்போல இருந்தாலும் அதன் இனம் வேறு. குயிசலோஃபாப் அதைத் தொடாது. உங்கள் வயலுக்கு அது வீண் செலவு. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை வரப்புக்கு அடிக்கலாம் என்று யாராவது சொன்னால், 2022 அக்டோபர் முதல் அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற மத்திய அரசின் கட்டுப்பாட்டை நினைவுபடுத்துங்கள். காற்றில் ஒரு துளி மல்லி மேல் விழுந்தாலும் இழப்பு உங்களுக்குத்தான்.

கிழக்குத் துண்டில் அடுத்து என்ன போடுவது என்பதை மண்ணிடமே கேட்கலாம். புரட்டாசியில், விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு, அந்தத் துண்டில் ஐந்தாறு இடங்களில் மேல்மண் எடுத்துக் கலந்து மூன்று தொட்டிகளிலும், மருந்தே படாத இடத்து மண்ணை மூன்று தொட்டிகளிலும் நிரப்பி, எல்லாவற்றிலும் மல்லி விதையுங்கள். வெயிலில் வைத்து, உண்மை இலை இரண்டு மூன்று வரும்வரை பாருங்கள்; அட்ரசின் பாதிப்பு வித்திலையில் தெரியாது, உண்மை இலை வந்த பிறகுதான் தெரியும். இரண்டு வரிசைத் தொட்டிகளும் ஒன்றுபோல் இருந்தால் மல்லி போடலாம். ஓரம் கருகினால் அந்த ஆண்டு அங்கே சோளமோ மக்காச்சோளமோதான் போட வேண்டும், அட்ரசின் இல்லாமல்.

ஏற்றுமதி நிறுவனத்துக்காக இலையைச் சோதனைக்கு அனுப்பும்போது ஒன்றை மறக்காதீர்கள். பல மருந்துகளை ஒரே முறையில் தேடும் பொதுவான சோதனைப் பட்டியலில் எல்லாக் களைக்கொல்லிகளும் இருப்பதில்லை. இமாசெதாபைர், அட்ரசின், பெண்டிமெத்தலின் என்று பெயர் சொல்லி எழுதிக் கேளுங்கள்; கூடவே பைரோலிசிடின் அல்கலாய்டு சோதனையையும் தனியாகக் கேட்க வேண்டும். மருந்து படாத பாத்திகளிலிருந்து மட்டும் மாதிரி எடுங்கள், எடுப்பவர் கையில் புதுக் கையுறை இருக்கட்டும், மருந்து தெளித்த அன்று பயன்படுத்திய சாக்கில் கட்டாதீர்கள்.